அந்தப் பக்கத்து நட்டு

'முதல் கை வைப்பவர்' என்றொரு இனம் இருக்கிறது. பெயர் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம், ஆளைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டு மிக்ஸி மக்கர் செய்த அன்று, நீங்கள் பிளக்கைத் தொடுவதற்குள் செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தவர் அவர்தான். மண்டபத்தில் மைக் 'கொய்ங்' என்றதும் பாதிச் சோற்றில் இலையை விட்டு எழுந்து போனவர் அவர்தான். ஏடிஎம் இயந்திரம் உங்கள் அட்டையைக் கவ்விக்கொண்டபோது, வரிசையின் கடைசியிலிருந்து முன்னால் வந்து, "கொஞ்சம் தள்ளுங்க" என்று சொல்லி, அதன் வயிற்றில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாரே, அவரேதான்.

அவர் பழுது பார்க்க வருவதில்லை. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அவர் வருவது கை வைக்க. சரியாவதும் ஆகாததும் அந்தப் பொருளின் தலையெழுத்து.

வந்ததும் அவர் பொருளைப் பார்ப்பதில்லை, கூட்டத்தைப் பார்ப்பார். "இதுல யாரு முன்னாடி கை வச்சது?" யாரும் வைக்கவில்லை என்றால் முகம் மலரும். யாராவது வைத்திருந்தால் இன்னும் மலரும். இனி எது உடைந்தாலும் பழி அந்தக் கைக்குத்தானே? பிறகு ஒரு குலுக்கு, ஒரு முகர்வு, அப்புறம் அந்தத் திருவாக்கு: "இதுல ஒண்ணுமே இல்ல." ஒன்றுமே இல்லாத அதைத் திறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் தினசரிப் பேப்பரில் பரப்பி, திரும்ப மூடும்போது திருகாணி மிஞ்சினால் அதற்கும் பதில் உண்டு. "கம்பெனிக்காரன் சும்மா அழகுக்குப் போட்டிருக்கான்." கடைசியில் மெக்கானிக் வந்து சரிசெய்துவிட்டால்? "நான் லூஸ் பண்ணி வச்சிருந்தேன்ல!"

சாதாரண வகையென்றால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம். அனுப்பவே முடியாத உயர்ந்த வகையும் உண்டு: தாய்மாமனாகப் பிறந்துவிட்ட முதல் கை வைப்பவர். எங்கள் பக்கத்தில் மொட்டையோ, காதுகுத்தோ, கல்யாணமோ, தாய்மாமன் இல்லாமல் எதுவும் நகராது. அந்த உரிமையை இரும்பு, பித்தளை, அலுமினியம் வரைக்கும் நீட்டியவர் எழுமலை பேயாண்டி மாமா. என் நண்பன் அருள்பாண்டியின் தாய்மாமன்.

அருள்பாண்டிக்குக் கல்யாணம். பெண் பவதாரிணி. இருவரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டப் போகிறவர்கள், பழக்கமும் அங்கேதான். "கல்யாணத்தன்னைக்கும் சைக்கிள்லதான் வரணும்" என்று அவள் எப்போதோ விளையாட்டாகச் சொல்லியிருக்கிறாள். அவன் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பரவையில் மாப்பிள்ளை வீடு, திருமங்கலத்தில் மண்டபம். பட்டு வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, தலையில் மாமன் கட்டிவிட்ட உருமா, உருமாவுக்கு மேல் ஹெல்மெட், கழுத்தில் மாலையோடு அவன் நாலுவழிச் சாலையில் குனிந்து மிதிக்க, பின்னால் வேனில் நாங்கள். கண்கொள்ளாக் காட்சி. கப்பலூர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் முன்சக்கரம் 'புஸ்' என்றது.

அருள்பாண்டி பதறவில்லை. சீட்டுக்கு அடியில் மாற்று டியூப் இருந்தது. சக்கரம் கழற்ற, வளைந்த ஆலன் கீயும் இருந்தது. முகூர்த்தத்துக்கு நேரமும் இருந்தது. அவன் கீயை எடுத்துக் குனிந்தான். வேன் கதவு திறந்தது.

"மாப்ள, கொஞ்சம் தள்ளு."

இந்த இடத்தில் சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப்போன சைக்கிளில் சக்கரத்தின் இரண்டு பக்கமும் நட்டு இருக்கும். ஸ்பேனரைப் போட்டு இரண்டையும் தளர்த்தினால் சக்கரம் கையோடு வரும். இப்போதைய ரோடு பைக்கில் அந்தக் கதையே இல்லை. ஒரு நீளத் தண்டு, முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்கி நிற்கும் ஃபோர்க்கின் ஒரு காலில் நுழைந்து, சக்கரத்தின் நடுவயிற்றுக்குள் புகுந்து, மறு காலுக்குள்ளேயே வெட்டியிருக்கும் மரையில் போய் இறுகிக்கொள்ளும். அவ்வளவுதான். நட்டே கிடையாது. தண்டின் தலையில் ஆலன் கீயைப் போட்டு இடப்பக்கமாகத் திருப்பினால் தண்டு முழுசாக வெளியே வரும், சக்கரம் கீழே இறங்கும்.

பேயாண்டி மாமா தண்டின் தலையைப் பார்த்தார். திருப்தி. சுற்றி வந்து அந்தப் பக்கம் பார்த்தார். முகம் மாறியது.

"நட்டைக் காணோம்!"

"மாமா, அதுல நட்டே கிடையாது."

"நட்டு இல்லாம போல்ட்டு எப்படி மாப்ள நிக்கும்?"

"அந்தக் காலுக்குள்ளயே மரை இருக்கு மாமா."

"நீ பாத்தியா?"

"பாக்கல. ஆனா..."

"கம்பெனிக்காரன் சொன்னான், நீ நம்பிட்ட. வழியில எங்கயோ விழுந்திருக்கு. குலசாமி புண்ணியத்துல பஞ்சராகி நின்னுச்சு. இல்லைன்னா இந்நேரம் சக்கரம் தனியா மண்டபத்துக்குப் போயிருக்கும்." கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "என்ன நின்னு பாக்குறீங்க? வந்த வழியில தேடுங்க!"

என்னை நிறுத்தினார். "நீ காலேஜ் முடிச்சவன்ல? என்ன படிச்ச?"

"பொருளியல் மாமா."

"அதுல நட்டு வருமா?"

"வராது மாமா."

"அப்பத் தேடு."

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். பட்டமளிப்பு அங்கியோடு நிற்கும் என் படத்தை அப்பா சாமி படத்துக்கு மேலே மாட்டியிருக்கிறார். அப்பேர்ப்பட்டவன் சாலையோரம் குனிந்து, இல்லாத நட்டைத் தேடினேன். நான் மட்டுமா? பட்டுச்சேலைகள் தேடின. மேளக்காரர்கள் தேடினார்கள். என்ன ஏதென்று கேட்க நிறுத்திய லாரிக்காரர் ஒருவரும் இறங்கித் தேடினார். கொடுமை என்னவென்றால், கிடைத்தது! ஒருவர் உளுந்து அளவில் ஒன்று கொண்டுவந்தார். இன்னொருவர் கொழுக்கட்டை அளவில் ஒன்று. நாலுவழிச் சாலையில் இம்புட்டு நட்டு கிடக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. எந்தெந்த வண்டி எதை நம்பி ஓடிக்கொண்டிருக்கிறதோ!

ஒவ்வொன்றையும் மாமா அந்தப் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தார். "இது இல்ல. அடுத்தது."

முகூர்த்தம் நெருங்கியது. அருள்பாண்டியின் அம்மா முத்துத்தாய் தம்பியின் தோளைத் தொட்டார். "தம்பி, சைக்கிள் கிடக்கட்டும்டா. மாப்பிள்ளைய வேன்ல ஏத்திட்டுப் போயிருவோம்."

"ஏறட்டும்க்கா. தாராளமா ஏறட்டும்." மாமா சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். "நான் கை வச்ச வேலை. பாதியில போனா, பேயாண்டி கையில ஆகலைன்னு ஊரு பேசும். நீங்க போயித் தாலி கட்டுங்க. நான் வரல."

அந்த 'வரல' என்ற சொல் விழுந்ததும் மேளக்காரர்கள்கூட நட்டைக் கீழே போட்டுவிட்டார்கள். தாய்மாமன் கோபித்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருக்க, மேடையில் தாலி ஏறுமா? ஏறாது. ஏறினாலும் மூன்று தலைமுறைக்குப் பேச்சு ஓயாது. ஆக, கல்யாணம் நடக்க வேண்டுமென்றால் சக்கரம் கழல வேண்டும். சக்கரம் மாமன் கையால் கழல வேண்டும்.

"சரி மாமா, நட்டு இல்லாமலே திருப்பிப் பாருங்க" என்று கெஞ்சினான் அருள்பாண்டி. "இடப்பக்கமா."

மாமா எழுந்தார். கீயைப் போட்டார். வலப்பக்கமாகத் திருப்பினார்.

"மாமா, அது இறுகும்!"

"மாப்ள, தலை எந்தப் பக்கம் இருக்கு? இடது பக்கம். சைக்கிள்ல இடது பெடலைக் கழட்டியிருக்கியா? தலைகீழாத் திருப்பணும். இதுவும் அதேதான்." இடது பெடல் விஷயம் உண்மைதான். இந்த இனத்தாரின் பலமே அதுதான். எங்கேயாவது பொருந்துகிற ஓர் உண்மையைக் கொண்டுவந்து, பொருந்தாத இடத்தில் வைத்து முறுக்குவார்கள். முறுக்கினார். தண்டு 'கிரீச்' என்றது. "பாத்தியா, விட்டுக் குடுக்குது" என்று சொல்லி இன்னும் ஒரு முறுக்கு.

அருள்பாண்டி போனில் பவதாரிணியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னான். பாதியிலேயே அவள் கேட்டது ஒரே கேள்வி. "எந்தப் பக்கமா முறுக்குறாரு?" அதற்கப்புறம் போன் கட்டாகிவிட்டது.

திருமங்கலம் பக்கமிருந்து ஓர் ஆட்டோ வந்து நின்றது. பட்டுப்புடவை, நெற்றிச்சுட்டி, கழுத்தில் மாலை, கையில் கைப்பிடி நீண்ட ஆலன் கீ. இறங்கினாள் பவதாரிணி. முறைப்படி பேயாண்டி மாமா அவளுக்குப் பெரியப்பா.

"பெரியப்பா, முதல்ல கை வச்சது நீங்கதான?"

"பின்ன? நான் இருக்கயில வேற யாரு வைப்பா?"

"நல்ல முறுக்கு ஏறியிருக்கு. உங்களால மட்டும்தான் இப்படி முடியும்." அவர் குளிர்ந்துபோனார். "இப்ப நீங்க வண்டியக் கெட்டியாப் பிடிங்க. நீங்க பிடிச்சாத்தான் எனக்குத் திருப்ப வரும். கை எடுத்துறாதீங்க, என்ன?"

கை வைக்கச் சொன்னால் மறுக்கிற இனமா? இரண்டு கையாலும் பிடித்தார். அவள் முந்தானையை இடுப்பில் செருகி, கீயைப் போட்டு, வளையல் குலுங்க இடப்பக்கமாக ஒரு திருப்பு. 'டக்'. பிறகு சுலபமாகச் சுழன்றது. தண்டு மரையை விட்டதும் கையை எடுத்தாள்.

"இழுங்க பெரியப்பா."

மாமா இழுத்தார். தண்டு வந்தது. வந்துகொண்டே இருந்தது. முக்கால் சாண் நீளத்துக்கு வெளியே வந்ததும், சக்கரம் கீழே இறங்கி முத்துத்தாயின் காலடியில் சாய்ந்தது. மாமா தண்டின் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஃபோர்க்கின் அந்தக் காலுக்குள் ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தார். மரை பளபளத்தது. நட்டு இல்லை. நட்டு இருந்ததற்கான தடமும் இல்லை. ஊரே அவர் வாயைப் பார்த்தது. இப்போதாவது ஒப்புக்கொள்வார் என்று நினைத்தேன். எவ்வளவு சின்னப் பிள்ளை நான்!

"நட்டே இல்லாம இம்புட்டுத் தூரம் ஓடி வந்திருக்கு" என்றார் மாமா, தண்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு. "குலசாமி உள்ள உக்காந்து பிடிச்சிருக்குடா மாப்ள!"

முத்துத்தாய் கன்னத்தில் போட்டுக்கொண்டு, இடுப்பில் முடிந்திருந்த திருநீற்றைச் சக்கரத்துக்குப் பூசினார்.

டியூப் மாற்றியாகிவிட்டது. அதுவரை ஒரு கையால் சைக்கிளைப் பிடித்தபடியே நின்ற மாமா, பிரேக் நன்றாக இருக்கிறதா என்று ஒரு பிடி பிடித்துப் பார்த்தார். டிஸ்க் பிரேக் வைத்த சைக்கிளில் சக்கரம் இல்லாத நேரம் அதைச் செய்யக்கூடாது. செய்தால், உள்ளே இருக்கும் இரண்டு கட்டைகளும் நடுவில் யாரும் இல்லையே என்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சக்கரத்தின் வட்டு நுழைய இடமிருக்காது. நுழையவில்லை.

அருள்பாண்டி தலையில், அதாவது ஹெல்மெட்டில், கை வைத்துக்கொண்டான். பவதாரிணிதான் பயந்துகொண்டே கேட்டாள். "பெரியப்பா, இப்ப மாட்டணுமே?"

"கழட்டுறதுதாம்மா தாய்மாமன் முறை" என்றார் அவர், வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு. "மாட்டுறது பொண்ணு வீட்டு முறை. வாங்க, நேரமாச்சு."

அந்த நொடியில் அவரைவிட நியாயமான மனிதர் மதுரை ஜில்லாவில் இல்லை. எல்லோரும் வேனில் ஏறினோம். மாப்பிள்ளையும் பெண்ணும் ஆட்டோவில். முகூர்த்தத்துக்குள் தாலி ஏறியது. மேடையில் மாமா அந்தத் தண்டைச் செங்கோல்போலப் பிடித்து நின்றார். சைக்கிளைப் பெண் வீட்டார் லோடு ஆட்டோவில் ஏற்றி வந்து, கட்டைகளைப் பக்குவமாகப் பிரித்து, சாயங்காலம் சக்கரத்தை மாட்டினார்கள்.

பந்தியில் விசாரித்துப் பார்த்தேன். அந்தச் சக்கரத்தைக் கழற்றியவர்கள் ஒரு பந்தி நிறைய இருந்தார்கள். லாரிக்காரரும் ரசம் ஊற்றிப் பிசைந்தபடி சொன்னார்: "நான் நின்னதாலதான் தம்பி ஆச்சு."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அவள் இடப்பக்கமாகத் திருப்பினாள் என்று நான் எழுதிய இடத்தில், உங்கள் வலது கை காற்றில் லேசாகத் திரும்பி, இடம் எது, வலம் எது என்று சரிபார்த்ததா இல்லையா? அருள்பாண்டி இடத்தில் நான் இருந்திருந்தால், பேயாண்டி மாமாவைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு... என்று ஒரு யோசனை ஓடியதா இல்லையா?

கையைக் கீழே போடுங்கள் ஐயா. சக்கரம் மாட்டியாகிவிட்டது.