மாமனாருக்கு ஆறு வேற்றுமை

வகுப்பில் புத்தகத்தைத் திறந்ததும் ஜாரியாத் டீச்சருக்கு வியர்த்துவிட்டது. பெயரோடு கராச்சாய் மொழியின் ஆறு வேற்றுமை உருபுகளும் சேர்க்கிற பாடம். எடுத்துக்காட்டுக்கு உலகத்தில் வேறு பெயரே கிடைக்காத மாதிரி ‘லோக்மான்’ என்று அச்சடித்து வைத்திருந்தார்கள். அது அவள் மாமனார் பெயர். காகசஸ் மலையில் கராச்சாய் இனத்து வீட்டு மருமகள் செத்தாலும் மாமனார் பெயரை வாயால் சொல்ல மாட்டாள்.

கடைசி பெஞ்சில் கல்வி அதிகாரி பைதிமாத் அம்மாள் உட்கார்ந்திருந்தார். இன்றைய பாடம் அவருக்குத் திருப்தியானால்தான் ஜாரியாத்தின் வேலை நிரந்தரம்.

“பெரியவருடைய குதிரைன்னு எழுதிக்கோங்க,” என்றாள் ஜாரியாத்.

“புத்தகத்துல பெரியவர் எங்கம்மா வந்தார்?” என்றார் அதிகாரி. “அங்க இருக்கிற பேரை வாசி.”

ஜாரியாத் அவசரமாக அதற்குப் பதில் பலகையில் ‘அவுபெக்கிர்’ என்று வேறு பெயரை எழுதினாள். முன்வரிசையில் அவள் நாத்தனார் மகள் நஸ்பிக்கே எழுந்தாள்.

“அது எங்க பெரிய மாமா பேரு டீச்சர். அதையும் நீங்க சொல்லக்கூடாதே.”

“அப்ப நீயே புத்தகத்துல இருக்கிறதை வாசிடி.”

நஸ்பிக்கே கணீரென்று ஆறையும் ஒப்பித்தாள். அதிகாரிக்கு முகம் சுருங்கியது.

“பேசாம உன் வேலையை அவளுக்கே குடுத்துடலாமா?”

“மாமனார் பேருங்க. நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியாததா?”

“வழக்கத்தை வீட்டு ஆணியில மாட்டிட்டு வா. வாசிக்கிறியா, நான் கிளம்பட்டுமா?”

வேலை போனால் வீட்டில் மாடு கறக்க வேண்டியதுதான். ஜாரியாத் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“லோக்மான். லோக்மானுடைய. லோக்மானுக்கு. லோக்மானை. லோக்மானிடம். லோக்மானிடமிருந்து.”

கண்ணைத் திறந்தால், வகுப்பில் குளிர்காயும் அடுப்புக்கு விறகு சுமந்து வந்த லோக்மானே வாசலில் நின்றிருந்தார். பள்ளிக்கூடத்தில் அடுப்பு மூட்டுவது அவர் வேலை என்பதை அவள் அடியோடு மறந்திருந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பலகைக்குப் பின்னால் ஒண்டினாள். வெட்கத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கிழவர் விறகை இறக்கிவிட்டு அதிகாரியிடம் திரும்பினார்.

“எங்க வீட்டுப் பொண்ணை இந்தப் பாடு படுத்தினீங்களே. நீங்க ஒரு தடவை வாசிச்சுக் காட்டினா என்னவாம்?”

அதிகாரி சட்டென்று எழுந்தார். “பாடம் போதும், வேலை இவளுக்குத்தான்,” என்று முணுமுணுத்தபடி கைப்பையைத் தேடினார்.

அவரைக் காரில் கூட்டி வந்த டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“அவங்க எங்க வாசிப்பாங்க பெரியவரே? அவங்க மாமனார் பேரும் அதுதான். இந்தப் பாடத்துக்குப் பயந்துதானே வாத்தியார் வேலையை விட்டுட்டு அதிகாரி ஆனாங்க.”