இருபது கேள்வியும் ஒரு விசிலும்

கவரின் வாயை இட்லிப் பானையின் ஆவிக்கு நேரே பிடித்தேன். அது தானாகவே திறந்துகொண்டது. பிளேடும் குண்டூசியும் தயாராக வைத்திருந்தேன். இரண்டும் தேவைப்படவில்லை.

என் மனைவி லூர்துசெல்வி மீன் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். "இட்லி வெச்சிருக்கேன். அடுப்ப பாதியில அணைச்சிடாதீங்க. நான் வர அரமணி நேரம் ஆவும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவள் அரை மணி என்றால் அரை மணிதான். அதற்கு முன்னால் வரமாட்டாள். இருபத்தாறு வருட அனுபவத்தில் சொல்கிறேன்.

கவருக்குள் என்னைப் பற்றி இருபது கேள்விகள் இருந்தன. பதில் எழுதியவள் அவள்.

எங்கள் மாதா கோவிலில் அடுத்த மாதம் தேர்த் திருவிழா. அதற்கு முன்னால் பங்குச் சாமியார் ஒரு பயிற்சிக்கு ஏற்பாடு செய்திருந்தார். கோவில் வேலை செய்கிறவர்கள் ஒருவர் குணத்தை ஒருவர் அறிந்துகொண்டால் சண்டை வராதாம். கும்பகோணத்திலிருந்து ஒரு சிஸ்டர் வந்திருந்தார். மனிதர்கள் நான்கு வகை என்பது அவர் கணக்கு. நெருப்பு, முன்னால் நிற்கும். காற்று, பேசும். தண்ணீர், விட்டுக்கொடுக்கும். மண், எதையும் இரண்டு தடவை சரிபார்க்கும். நாம் எந்த வகை என்று நாமே சொல்லக் கூடாது. வீட்டில் இருப்பவர் தாளை நிரப்பி, கவரில் போட்டு ஒட்டித் தர வேண்டும். நாம் பார்க்கக் கூடாது.

பூசை முடிவில் சாமியார் இன்னொன்றும் அறிவித்தார். இந்த முடிவுகளை வைத்துத்தான் இந்த வருடம் தேர் வேலைகள் பிரிக்கப்படும்.

அதைக் கேட்டதும் என் கை கழுத்துக்குப் போனது. விசில் வீட்டில் இருந்தது.

மூன்று வருடமாகத் தேர் வேலைக்கு நான்தான் பொறுப்பு. என் பெயர் பிரான்சுவா; கோவிலில் மரியாதையாக மிசியே பிரான்சுவா. பெயரில் மட்டும்தான் பிரான்ஸ், ரேஷன் வாங்குவது நெல்லித்தோப்புக் கடையில். மில்லில் மேஸ்திரியாக இருந்தேன். மில் மூடிய பிறகு ஒரு கல்லூரியில் காவலாளிகளுக்கு சூப்பர்வைசர். அங்கே எனக்குக் கீழே ஆறு பேர். வீட்டில் யாரும் இல்லை. வருடத்தில் ஒரு நாள் அந்த விசிலை ஊதினால் நாற்பது பேர் தேரைத் தூக்குவார்கள். இன்னொரு தடவை ஊதினால் இறக்குவார்கள். அந்த ஒரு நாளை வைத்துத்தான் மற்ற முந்நூற்று அறுபத்து நாலு நாளையும் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பெண்களுக்குப் பயிற்சி போன ஞாயிறே முடிந்துவிட்டது. லூர்துசெல்வியின் தாளை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். அப்போது டிவியில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பயிற்சி முடிந்து வந்தவளிடம் விசாரித்தேன்.

"என்னா சொல்லிக் குடுத்தாங்க?"

"சாப்பாடு நல்லா இருந்துச்சு. சாம்பார்ல முருங்கக்கா."

"அது கெடக்கட்டும். நெருப்பு வகைய என்னா பண்ணாங்க?"

"எழுந்து நிக்கச் சொன்னாங்க."

"அப்புறம்?"

"நாங்கள்லாம் கை தட்டினோம்."

எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இப்போது தாளை விரித்துப் படித்தேன். கோபம் வந்தால் என்ன செய்வார்? அமைதியாகக் காத்திருப்பார். முடிவெடுக்கும்போது? மற்றவர்களைக் கேட்பார். தவறு செய்துவிட்டால்? தானே போய் மன்னிப்புக் கேட்பார். கூட்டத்தில் எங்கே நிற்பார்? பின்னால்.

மேலே பெயரைப் பார்த்தேன். என் பெயர்தான். இருபதும் தண்ணீர்.

அந்த மன்னிப்புக் கேள்வியை மட்டும் இரண்டு தடவை படித்தேன். அவள் எங்கே குத்துகிறாள் என்று தெரிந்தது.

பக்கத்து வீட்டு ஜோசப் ஆனந்த் எலெக்ட்ரீஷியன். தேருக்கு சீரியல் லைட் கட்டுவது எப்போதும் அவன்தான். போன வருடம் அவன் ஏணியில் நிற்கும்போது நான் கீழே இருந்து விசில் ஊதினேன். அவன் திரும்பவில்லை. மறுபடி ஊதினேன். "வேலை தெரிஞ்சவன் மாதிரி கட்டுடா" என்றும் சொல்லிவிட்டேன். கொஞ்சம் சத்தமாக. மைக் ஆன் செய்யப்பட்டிருந்தது எனக்குத் தெரியாது. அவன் இறங்கி, கட்டிங் பிளேயரைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். அந்த வருடம் மாதா பாதி வெளிச்சத்தில் ஊர்வலம் போனார்.

அதற்கு முன்பெல்லாம் லூர்துசெல்வி நண்டு வைத்தால் ஒரு கிண்ணம் மதில்மேல் போகும். ஆனந்தின் மனைவி ஜெர்லின் எடுத்துக்கொள்வாள். கிண்ணம் திரும்பும்போது அதில் வேறு ஏதாவது இருக்கும். இரண்டு பேரும் மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று, குழம்பு அடிபிடிக்கும்வரை பேசுவார்கள். பதினோரு மாதமாக மதில்மேல் காக்கைதான் உட்காருகிறது. கடைசியாகப் போன எவர்சில்வர் கிண்ணம் அங்கேயே தங்கிவிட்டது.

"போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க. நாலடி தூரம்" என்று மாதம் ஒருமுறை சொல்வாள். நான் மாதம் ஒருமுறை யோசிப்பேன்.

பின்னால் நிற்கிறவனுக்கு யார் விசில் கொடுப்பார்கள்? என்னிடம் மீதித் தாள்கள் இருந்தன. எங்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்துக்கு விநியோகித்தவனே நான்தான். லூர்துசெல்வி டிக் போட்டால் அதற்கு அணில் வால் மாதிரி நீளமான வால் இருக்கும். இருபது வால் வரைந்தேன். கோபம் வந்தால் உடனே சொல்லிவிடுவார். முடிவைத் தானே எடுப்பார். முன்னால் நிற்பார். கலப்படமில்லாத நெருப்பு. புதுத் தாளைக் கவரில் போட்டு ஒட்டி, மாதா படத்துக்குப் பக்கத்தில் அதே கோணத்தில் சாய்த்து வைத்தேன். பழைய தாளைக் கிழித்துப் போட ஏனோ மனம் வரவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

சரியாக அரை மணியில் வந்தாள். நேரே அடுப்படிக்குப் போனாள்.

"பானையில தண்ணி வத்திப் போயிருக்கு. மூடியத் தொறந்து வெச்சீங்களா?"

"இட்லி வெந்துச்சான்னு பாத்தேன்."

"யாரு, நீங்களா?"

"ஆமா. ஏன், நான் பாக்கக் கூடாதா?"

"பாக்கலாம். கல்யாணமானதிலேருந்து இன்னிக்குத்தான் பாக்கறீங்க." பையிலிருந்து சங்கரா மீனை எடுத்துத் தட்டில் போட்டாள். "அந்தக் கவரு?"

"எந்தக் கவரு? நான் தொடல."

"தொட்டீங்கன்னு நான் சொல்லலியே. நாளைக்கு மறக்காம எடுத்துக்கினு போங்கன்னு சொல்ல வந்தேன்."

"சரி. என்னான்னு போட்டிருக்க?"

"நீங்க பாக்கக் கூடாதுன்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்க."

"பாக்கல. கேக்கறேன்."

"நல்லதாதான் போட்டிருக்கேன்" என்று மீனைக் கழுவ ஆரம்பித்தாள்.

மறுநாள் காலாப்பட்டுப் பக்கம் ஒரு தியான இல்லத்தில் பயிற்சி. ஜன்னலுக்கு வெளியே கடல் தெரிந்தது. சாம்பாரில் அன்றும் முருங்கைக்காய். சாப்பாட்டுக்குப் பிறகு சிஸ்டர் கவர்களைப் பிரித்து ஒவ்வொருவர் வகையையும் தாளில் குறித்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"நெருப்பு வகைக்காரங்கள்லாம் எழுந்து நில்லுங்க."

ஒன்பது பேர் எழுந்தோம். நான் முதல் ஆள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் லேசாகத் தலை குனிந்தேன்.

"உங்களுக்கு முன்னால நிக்க நல்லா வரும். அதுக்குப் பயிற்சி வேணாம்" என்றார் சிஸ்டர். "வராததத்தான் பழகணும். அதனால இந்த வருஷம் உங்களுக்கெல்லாம் புடிக்கிற வேல. ஏணி புடிக்கிறது, கயிறு புடிக்கிறது, குடை புடிக்கிறது. தண்ணி வகைக்காரங்க சொல்றபடி நீங்க செய்யணும். போன வாரம் பெண்களுக்கும் இதேதான் சொன்னேன். உங்க பயிற்சி முடியிற வரைக்கும் வெளிய சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன். சொல்லாம இருந்தாங்களா?"

சொல்லாமல்தான் இருந்தார்கள். அறுபது பெண்கள், ஏழு நாள். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

சாமியார் பட்டியலை எடுத்தார். "தேர் வேலை மொத்தத்துக்கும் பொறுப்பு, லூர்துசெல்வி பிரான்சுவா. இருபதுக்கு இருபது தண்ணீர். பங்கிலேயே அவங்க ஒருத்தர்தான்."

மேட்ச் ஓடியது என்று சொன்னேன் அல்லவா? கடைசி ஓவர். "எதையாச்சும் போட்டுக் குடுங்க, நேரமாவுது" என்று அவள் தாளை நீட்டினாள். நான் கண்ணை டிவியில் வைத்துக்கொண்டு மூன்றாவது கட்டத்தில் மேலிருந்து கீழே இருபது டிக் போட்டேன். மூன்றாவது கட்டம் தண்ணீர்.

"மின்விளக்கு, ஜோசப் ஆனந்த்."

நான் தலை நிமிர்ந்தேன். "அவன் வரேன்னு சொன்னானா, சாமி?"

"ஒரு நிபந்தனையோட வரேன்னு சொல்லியிருக்கார். விசில் உங்ககிட்ட இருக்கக் கூடாதாம்." பட்டியலில் விரலை ஓட்டினார். "அவருக்கு ஏணி பிடிக்க, மிசியே பிரான்சுவா."

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. எழுந்து ஒரு பெரியவருக்குக் கொடுத்தேன். உட்கார்ந்து யோசிப்பதைவிட நின்றுகொண்டே வருவது மேலாக இருந்தது. என் தாளை நான் மாற்றாமல் இருந்திருந்தால் பங்கில் இருபதுக்கு இருபது தண்ணீர் இரண்டு பேர் ஆகியிருப்பார்கள். நானும் பொறுப்பில் இருந்திருப்பேன். இது பஸ் சாரம் ஸ்டாப்பைத் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்குள் நுழைந்தேன். அடுப்பு மேடையில் ஓர் எவர்சில்வர் கிண்ணம் இருந்தது. பதினோரு மாதம் கழித்துப் பார்த்தாலும் தெரிந்தது, விளிம்பில் எல்.எஸ். என்று பெயர் வெட்டியிருந்தது. உள்ளே சேமியா பாயசம்.

"இது எப்ப வந்துச்சு?"

"மத்தியானம். ஜெர்லின் குடுத்துட்டுப் போனா. போன வாரம் பயிற்சில பக்கத்துல பக்கத்துல உக்கார வெச்சிட்டாங்க. என்னா பண்றது, பேசித்தான ஆவணும்?"

"அவ என்னா வக?"

"நெருப்பு."

நான் விசிலை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி, கழுவி, துடைத்து, கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"பாயசம் குடிக்கிறீங்களா?"

"குடு."

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் கோவில் வளாகத்தில் தேரை வெளியே எடுத்தோம். லூர்துசெல்வி எங்கும் விசில் ஊதவில்லை. போய்ப் போய்ப் பக்கத்தில் நின்று சொன்னாள். வேலை நடந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் நடந்தது. ஜோசப் ஆனந்த் ஏணியைச் சாய்த்து ஏறினான். நான் கீழே பிடித்துக்கொண்டேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. நான் அவன் செருப்பைப் பார்த்தேன்.

லூர்துசெல்வி எங்கள் பக்கம் வந்தாள்.

"நல்லா புடிச்சிருக்கீங்களா?"

"புடிச்சிருக்கேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "செல்வி, ஒண்ணு கேக்கறேன். என் தாள்ல நீ நெசமா நெனச்சதத்தான் போட்டியா?"

"எந்தத் தாள்ல? நான் போட்டதிலயா, நீங்க போட்டதிலயா?"

ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"பசைய ஒரு ஓரத்துல மட்டும்தான் தடவினேன்" என்றாள். "நீங்க பிரிக்கறதுக்குக் கஷ்டப்படக் கூடாதுன்னு."

பூ கட்டுகிறவர்கள் கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

மேலே ஜோசப் ஆனந்த் ஒரு படி ஏறினான். ஏணி லேசாக ஆடியது. அவன் கீழே குனியாமலே சொன்னான்.

"அண்ணே, ஆடுது."

பார்த்தேன். ஏணியின் இடது கால் தரைக்கல்லில் சரியாக உட்காரவில்லை. ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சட்டைக்குச் சட்டை மாற்றி வைத்துக்கொண்டிருந்த அவளுடைய பழைய தாளைப் பையிலிருந்து எடுத்தேன். இரண்டாக, நான்காக, எட்டாக மடித்தேன். குனிந்து, காலுக்கு அடியில் செருகினேன்.

அவன் அடுத்த பல்பை மாட்டினான்.