ஒருவர் இன்னும் உள்ளே

"எல்லாரும் வந்தாச்சு. ஒருத்தர் மட்டும் இன்னும் உள்ள இருக்காரு."

பாதுகாப்பு அதிகாரி அம்மா கையிலிருந்த திரையைப் பார்த்து இப்படிச் சொன்னதும் கணக்கர் கூட்டத்தில் ஓரடி பின்னால் நகர்ந்தார். அந்த ஒருத்தர் யார் என்று திரையைப் பார்க்காமலே அவருக்குத் தெரியும். அந்த ஒருத்தருடைய அடையாளக் கார்டு இவருடைய சட்டைப் பையில் இருந்தது.

கார்டுக்குச் சொந்தக்காரன் கணக்கருடைய மனைவியின் தம்பி. அக்கா வீட்டோடு இருப்பவன். இதே அலுவலகத்தில், நாலாவது மாடியில், சரக்குப் பிரிவில் உதவியாளன். காலையில் கணக்கர் கிளம்பும்போது போர்வைக்குள்ளிருந்து முனகல் மட்டும் வந்தது.

"அவனுக்குத் தலைவலிங்க. இன்னிக்கு வரமாட்டான். லீவும் மிச்சமில்லையாம். நீங்க பாத்துக்குங்க" என்றாள் மனைவி.

'பாத்துக்குங்க' என்றால் அந்த வீட்டில் ஒரே அர்த்தம்தான். கணக்கர் மேஜை மேலிருந்த அவன் கார்டை எடுத்துக்கொண்டு வந்தார். அலுவலக வாசலில், வருகையைப் பதியும் பெட்டியில் தன் கார்டைத் தட்டினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மச்சினன் கார்டையும் தட்டினார். கதவைக் கேட்டால் இரண்டு பேரும் வேலைக்கு வந்தாயிற்று என்றுதான் சொல்லும்.

இப்போது இரண்டாவது மாடி மின்சார அறையிலிருந்து கரும்புகை குமுறிக்கொண்டு வந்தது. அலாரம் காதைப் பிளந்தது. தீயணைப்பு வண்டி வந்து நின்றிருந்தது. ஊழியர்கள் எல்லோரும் வண்டிகள் நிறுத்தும் மைதானத்தில் கூடியிருந்தார்கள். அங்கே ஒரு கம்பத்தில் கார்டு தட்டும் பெட்டி இருந்தது. வெளியே வந்தவர் அதில் தட்டினால் அவர் முகம் ஒரு கணம் திரையில் தெரிந்து, 'உள்ளே இருப்பவர்' கணக்கிலிருந்து கழிந்துவிடும். பாதுகாப்பு அம்மா கம்பத்தை ஒட்டியே நின்று ஒவ்வொரு முகமாகச் சரிபார்த்தாள். அவள் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது.

"நாலாவது மாடி, சரக்குப் பிரிவு உதவியாளர்! யாராவது பாத்தீங்களா?"

கணக்கர் கூட்டத்தின் பின்னால் குனிந்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இங்கதான் இருக்கேன் மேடம்" என்றார்.

"யாரது? முன்னாடி வாங்க!"

யாரும் வரவில்லை.

"மேடம், அந்தக் குரல் கீழயிருந்து வரல" என்று வரவேற்பு மேஜைப் பெண் கட்டடத்தை அண்ணாந்து பார்த்துக் கத்தினாள். "மேலயிருந்து வந்துச்சு! மூச்சுத் திணறிக் கூப்பிடுறாரு!"

அவ்வளவுதான். தீயணைப்புக் குழுத் தலைவர் விசில் அடித்தார். இரண்டு வீரர்கள் முகமூடியை மாட்டத் தொடங்கினார்கள். அவர்களில் இளையவனுக்கு இன்னும் மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

"ஆள் குண்டா, ஒல்லியா? தூக்கிட்டு வரணும்ல" என்று அவன் பொதுவாகக் கேட்டான்.

"ஒல்லிதான்" என்று கணக்கரின் வாய் அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

"உங்களுக்கு வேண்டியவரா சார்?"

"என் மச்சினன்."

"கவலைப்படாதீங்க. கொண்டு வந்துடுறோம்."

அவன் கணக்கரின் தோளைத் தட்டிவிட்டுப் புகைக்குள் போனான். கணக்கர் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். இல்லாத ஆளைத் தேடி இருக்கிற பிள்ளை போகிறது. அதற்கு ஒன்று ஆகிவிட்டால்? அதற்கும் வீடு இருக்கும், அங்கே ஒரு அம்மா இருப்பாள்.

மச்சினனையே வரவழைத்துக் கூட்டத்தில் நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். ஒரு வேன் மறைவுக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டார்.

"உன் தம்பியை உடனே ஆட்டோ பிடிச்சு இங்க வரச்சொல்லு!"

"அவன் வீட்ல இல்லைங்களே."

"தலைவலின்னு சொன்னவன் எங்க போனான்?"

"காத்து வாங்கப் போயிருப்பான். போனையும் இங்கயே வச்சுட்டுப் போயிட்டான். ஏங்க, பாவம், சும்மா அவனையே குத்தம் சொல்றீங்க? அங்க என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல" என்று வைத்துவிட்டார்.

மேலே எங்கோ கண்ணாடி படீரென்று உடைந்து சிதறியது. கூட்டம் 'ஐயோ' என்றது. கணக்கர் அங்குமிங்கும் பார்த்தார். அப்போதுதான் கட்டடத்தின் பக்கவாட்டில், அடித்தள வண்டி நிறுத்தத்துக்கு இறங்கும் கதவருகே, அதே மாதிரி இன்னொரு பெட்டி கண்ணில் பட்டது. அதிலும் கார்டு தட்டலாம். பக்கத்தில் யாரும் இல்லை. அவருக்குக் கடவுளே கண்ணைத் திறந்தது போலிருந்தது.

பதுங்கிப் பதுங்கிப் போய் மச்சினன் கார்டைத் தட்டினார். 'பீப்' என்றது. அப்பாடா, ஆள் வெளியே வந்துவிட்டான் என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு திரும்பி வந்தார்.

பாதுகாப்பு அம்மா அழாத குறையாகக் கத்திக்கொண்டிருந்தாள். "அவரு அடித்தளத்துக்குள்ள போயிட்டாரு! இப்பத்தான் அந்தக் கதவு காட்டுது. புகையில வழி தெரியாம கீழ இறங்கியிருக்காரு!"

அது உள்ளே போகிறவர்கள் தட்டும் பெட்டி.

"இன்னும் ரெண்டு பேர் கீழ போங்க" என்றார் குழுத் தலைவர். "மேல போனவங்க மேலயே தேடட்டும். மிஷினை மட்டும் நம்பிட்டு இருக்க முடியாது."

இன்னும் இரண்டு பேர் முகமூடியைத் தூக்கினார்கள். கணக்கருக்கு இதற்கு மேல் தாங்கவில்லை. வேலை போகட்டும், மானம் போகட்டும், வீட்டில் சோறு கிடைக்காமல் போகட்டும். ஓடிப்போய் குழுத் தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, யாரும் போக வேண்டாம்! உள்ள யாருமே இல்ல!"

"என்ன சொல்றீங்க?"

"என் மச்சினன் இன்னிக்கு வரவே இல்ல. காலையில அவன் கார்டையும் நான்தான் தட்டினேன். மூக்கைப் பிடிச்சுப் பேசினதும் நான்தான். இப்ப கீழ தட்டினதும் நான்தான். இந்தாங்க கார்டு."

பாதுகாப்பு அம்மா கார்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தக் கதவெல்லாம் நீங்க லேட்டா வர்றதைப் பிடிக்கவா போட்டிருக்கு? இந்த மாதிரி நேரத்துல யாரு உள்ள மாட்டியிருக்காங்கன்னு தெரியத்தானே சார்! ரெண்டு உசுரை மேல அனுப்பிட்டு நிக்கிறோம்!"

"தப்புதாம்மா" என்றார் கணக்கர். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. "அந்தப் பசங்களை முதல்ல கூப்பிடுங்க. என்னை அப்புறம் என்ன வேணா பண்ணுங்க."

குழுத் தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனார். அவர் பொத்தானை அழுத்துவதற்குள் அது தானாகவே கரகரத்தது. இளைய வீரனின் குரல், மூச்சு வாங்க வாங்க வந்தது.

"சார், நாலாவது மாடி கோப்பு அறைக்குள்ள ஒல்லியா ஒருத்தர் தலைவலி மாத்திரையைப் போட்டுட்டு அசந்து தூங்கிட்டிருந்தாரு, உசுருக்கு ஒண்ணுமில்ல, கூட்டிட்டு வர்றோம், ஆனா, 'லீவு இல்லையேன்னு லேட்டா கிளம்பி, கார்டைக் காணோம்னு இன்னொருத்தர் பின்னாடியே நுழைஞ்சு வந்தவன் நான், தட்டவே இல்லையே, நான் உள்ள இருக்கிறது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது'ன்னு கேக்குறாரு, என்ன சொல்லட்டும்?"