ஐந்து வெள்ளைக் கோட்டுகள்

ஐந்து பேரும் எழுந்து வணக்கம் சொன்னபோது யார் யாரென்று பயிற்சியாளருக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் ஒரே வெள்ளைக் கோட்டு, முடி ஓர் இழைகூடத் தெரியாமல் மூடிய ஒரே நீலத் தொப்பி. மாத்திரை செய்கிற தொழிற்சாலை, வாசலிலேயே மாட்டிவிடுகிறார்கள்.

அவளுக்கு முகங்கள் நினைவில் நிற்காது. பிறவியிலேயே அப்படி. சின்ன வயதில் கடைத்தெருவில் யாரோ ஒருத்தியை அம்மா என்று நினைத்துக் கைபிடித்துப் போனவள். வேலைக்கு வந்த பிறகு யார் முதலாளி, யார் கூட்டுகிறவர் என்று தெரியாததால் எல்லோருக்கும் எழுந்து நின்றாள். அதைப் பெரிய குணம் என்றார்கள். மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள். யாரையும் ஒதுக்காத தலைமை எப்படி என்று பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறாள். உள்ளுக்குள் மட்டும் ஒரு திருடியைப் போல இருப்பாள்.

இங்குள்ள ஐந்து பிரிவுத் தலைவர்களுக்கும் ஆறு மாதமாகத் தலைமை அலுவலகத்தில்தான் பயிற்சி. வழுக்கை, நீளப் பின்னல், கட்டம் போட்ட சட்டை என்று எதையாவது வைத்து ஓட்டிவிட்டாள். இன்று முதல்முறையாகத் தொழிற்சாலையிலேயே வகுப்பு, எல்லாம் கோட்டுக்கும் தொப்பிக்கும் உள்ளே. குரலையாவது பிடிக்கலாமென்றால், சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரங்கள் கத்தின.

புது இயக்குநர் பத்து நிமிஷத்தில் வருகிறார். ஐந்து பேரையும் அவளே அறிமுகம் செய்ய வேண்டுமாம், ஆளுக்கு இரண்டு வார்த்தை. அதைக் கேட்டுவிட்டுத்தான் பயிற்சி தொடருமா என்று முடிவு செய்வாராம்.

"மேடம், ஒரு விஷயம்..." ஓரத்தில் இருந்தவர் கையைத் தூக்கினார்.

"ஒவ்வொருத்தரா பேசலாம், அவசரமில்ல" என்று அமர்த்தினாள்.

பக்கத்தில் இருப்பவரைப் பற்றி ஒரு வரி சொல்லுங்கள் என்றாள். பேர் தானாக வந்துவிடும். அவர்கள் ஒருவரையொருவர் திருதிருவென்று பார்த்தார்கள்.

"இவர் நல்லவர்" என்றார் ஒருவர்.

"இவங்களும் நல்லவங்கதான்" என்றார் அடுத்தவர். நல்லவர் பட்டம் சுற்றி வந்து ஆரம்பித்த இடத்திலேயே நின்றது. ஆறு மாதம் சேர்ந்து உட்கார்ந்தவர்கள் பேசுகிற பேச்சா இது?

சரி, இங்கே சேர்ந்த வருஷப்படி மாறி உட்காருங்கள் என்றாள். யாரும் அசையவில்லை.

"எங்களுக்குள்ள முன்ன பின்ன கிடையாது மேடம். எல்லாரும் சமம்."

பாடம் இவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. கடைசியாக, உங்களில் யார் முன்னால் நின்று நடத்துவீர்கள் என்று கேட்டாள். ஐந்து தொப்பிகளும் ஒன்றாக இடவலமாக ஆடின.

"அந்தத் தகுதியெல்லாம் எங்களுக்கு இன்னும் வரல மேடம்" என்றார் மூத்தவர்போலத் தெரிந்தவர்.

நன்றாக இருந்த ஐந்து தலைவர்களை ஆறே மாதத்தில் இப்படி ஆக்கிவிட்டோமா? இயக்குநர் வருகிற நேரம் நெருங்கியது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. ஐந்து பேருக்கும் நேர் எதிரே வந்து நின்றாள்.

"உங்க யாரையும் எனக்கு அடையாளம் தெரியல. எனக்கு எந்த முகமும் மனசுல நிக்காது. ஆறு மாசமா முடியையும் சட்டையையும் பார்த்துதான் சமாளிச்சேன். யாரையும் ஒதுக்காதீங்கன்னு ஊருக்கெல்லாம் சொன்னேன். தெரிஞ்சா என்னை ஒதுக்கிடுவாங்கன்னு இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

ஐந்து பேரில் சின்னவளாகத் தெரிந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

"மேடம், நாங்க இன்னைக்குக் காலையிலதான் வேலைக்குச் சேர்ந்தோம், நீங்க தேடுறவங்க எதிர் ரூம்ல உட்கார்ந்திருக்காங்க."