மணி என்னாச்சு மாப்ள?

எங்கள் ஆரப்பாளையம் தெருவில் ஓடுகிற அத்தனை கடிகாரங்களும் ஒரே ஒரு ஆளுக்குச் சொந்தம். அவர் கையில் மட்டும் கடிகாரம் கிடையாது.

தையல்காரர். பெயர் என்னவோ இருக்கிறது. தெருவுக்கு அவர் 'மணியென்னாச்சு' அண்ணன். எதிரில் யார் வந்தாலும் வணக்கத்துக்குப் பதில் அதைத்தான் கேட்பார். கடையில் ஒரு சுவர்க்கடிகாரம் உண்டு. அது நின்று வருஷக்கணக்காகிறது. அதன் மேல் அளவு டேப்பை மாட்டியிருப்பார். செல்போன், சார்ஜ் இல்லாமல் டிராயரில் பித்தான்களோடு கிடக்கும். ஒரு வாட்ச் வாங்கினால்தான் என்ன என்று ஒருநாள் கேட்டேன்.

"தெருவுல இம்புட்டு வாட்ச் சும்மாதானே ஓடுது மாப்ள. எனக்கு எதுக்குத் தனியா ஒண்ணு?"

ஒருவரிடம் கேட்டு நிறுத்தினாலாவது பரவாயில்லை. மூன்று பேரிடம் கேட்டு, எது தனக்கு வசதியோ அதை எடுத்துக்கொள்வார். பேங்க்காரர் சொன்ன ஒன்பதரையைவிடப் பால்காரர் சொன்ன ஒன்பதே கால் அவருக்குப் பிடிக்கும். தீபாவளிக்கு நான் தைக்கக் கொடுத்த சட்டை பொங்கலுக்கு வந்தது. பொங்கலும் பண்டிகைதானே என்றார்.

இப்படிப்பட்டவரின் தங்கச்சி மகளுக்குப் போன மாதம் கொட்டாம்பட்டியில் காதுகுத்து. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். அதற்கு மேல் ராகு காலம். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். இருப்பது இந்த ஒரு தாய்மாமன்தான். மருமகளுக்குப் பாவாடை இன்னும் தைத்து முடியவில்லை, அன்று விடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். தங்கச்சி எனக்குப் போன் போட்டு அழாத குறை.

யோசனை சொன்னது நான்தான். அன்றைக்கு அண்ணன் மணி கேட்டால் ஒரு மணி நேரம் கூட்டிச் சொல்ல வேண்டும் என்று தெருவில் மூன்று பேரிடம் சொல்லிவைத்தேன். நல்ல வேலைதான் என்று எல்லோரும் சிரித்தோம்.

எங்கள் தெருக்காரர்களின் பரோபகார குணத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஏழு மணிக்குப் பால்காரர் சொன்னபடி எட்டு என்றார். நேரம் இருக்கிறதே என்று அண்ணன் பாவாடைக்கு இஸ்திரி போட உட்கார்ந்துவிட்டார். ஏழரைக்குப் பேங்க்காரர், இந்த ஆளுக்கு ஒரு மணி எப்படிப் போதும் என்று இரண்டாகக் கூட்டி ஒன்பதரை என்றார். எட்டு மணிக்கு டீக்கடைக்காரர், எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று கூட்டிவிட்டார்.

எட்டேகாலுக்கு நான் காதுகுத்துக்கு ஸ்கூட்டரில் கிளம்பினால், டீக்கடை பெஞ்சில் அண்ணன். புது வேட்டி. மடியில் பட்டுப்பாவாடையும் தோடும் இருந்த துணிப்பை. வானம் மூடிக்கிடந்ததால் வெயிலும் காட்டிக்கொடுக்கவில்லை.

"முடிஞ்சு போச்சு மாப்ள. பதினொண்ணு ஆயிருச்சாம். புள்ள எவன் மடியில உக்காந்துச்சோ."

எட்டேகால்தான் என்று வாட்சைக் காட்டினேன். ஓடாத வாட்சைக் கட்டிக்கொண்டு திரிகிறாய் என்றார். செல்போனைக் காட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"மூணு பேர்ட்ட கேட்டேனேடா. அம்புட்டுப் பேருமா?"

அவரைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு கொட்டாம்பட்டிக்கு விட்டேன். வழியில் ஒரு தடவைகூட அவர் மணி கேட்கவில்லை. பத்து மணிக்கு மணையில் உட்கார்ந்தார். பிள்ளை வீறிட்டது, காது குத்தியாயிற்று, பாவாடை ஒரு ஜாண் கூடுதல் நீளம். தங்கச்சி என் இலையில் பாயசத்தை ஊற்றிக்கொண்டே இருந்தாள். எனக்குத்தான் இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் யாரிடமும் மணி கேட்பதில்லை. எல்லோரையும்போல வணக்கம் வைக்கிறார். சட்டை மட்டும் பழையபடி தாமதமாகத்தான் வருகிறது. தெருவே இதற்குத்தான் ஆசைப்பட்டது; கிடைத்ததும் யாருக்கும் பிடிக்கவில்லை. நான் வேலை வெட்டி இல்லாமல் அவர் கடைவாசலில் போய் நின்று, வாட்சைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, இருபது நாள்.

நேற்று, பித்தான் தைத்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்.

"மணி என்னாச்சு மாப்ள?"

"பத்து அம்பத்தி மூணு, அண்ணே."

அந்த நேரம் பார்த்துப் பால்காரர் கடையைத் தாண்டிப் போனார். இன்னொரு தடவை கேட்க அண்ணன் அவரைக் கூப்பிடவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.