ஞாயிற்றுக்கிழமைச் சொல்

தறிநாடு என்றொரு நாடு இருந்தது. அங்கே வாரத்தில் ஆறு நாள் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. வீட்டுக்கு வீடு விசைத்தறி, தெருவுக்குத் தெரு ஆலை. உப்பை எடு என்பதற்கே தொண்டை கிழியக் கத்த வேண்டும். கத்திச் சொன்ன சொல்லுக்கு அந்த ஜனங்களிடம் மதிப்பில்லை. பெண் கேட்டு வந்தாலும் சரி, பங்காளிச் சண்டை என்றாலும் சரி, கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "ஞாயித்துக்கிழமை சொல்லிக்கலாம்."

ஞாயிறன்று தறி ஓடாது. மெதுவாக எழுவார்கள், மெதுவாகத் தின்பார்கள், வாசலில் வந்து சும்மா உட்கார்ந்திருப்பார்கள். சும்மா இருந்தால்தானே மனசில் கிடப்பது வாய்க்கு வரும். வேண்டும் என்பதையும் வேண்டாம் என்பதையும் அன்றைக்கு, தாழ்ந்த குரலில் சொல்வார்கள். ஞாயிறன்று மறுக்காதது சம்மதம். ஊர் வழக்கம் அது, நாட்டுச் சட்டமும் அதுவே. வரியானாலும் போரானாலும், ஏன், தலைவரே ஆனாலும், ஜனங்கள் ஞாயிறன்று வேண்டாம் என்று சொல்லாதவரை செல்லும்.

தனக்கு வந்த தொல்லை எல்லாமே ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வந்தது என்பதைத் தலைவர் ஒருநாள் கண்டுபிடித்தார். அந்தக் கிழமையையே நீக்கிவிடலாமா என்று சபையில் கேட்டார். அமைச்சர் வாகைச்சுடர் எழுந்து வணங்கினார். படித்தவர். படித்தவர்கள் எதையும் நேரடியாகப் பிடுங்குவதில்லை.

"தலைவர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமையைப் பறித்தால் கலகம் வரும். அதையே போற்றினால் நன்றி வரும்" என்றார்.

அப்படித்தான் அமைதித் துறை பிறந்தது. கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஒலிபெருக்கி கட்டினார்கள். ஞாயிறு விடிந்தது முதல் இருட்டும்வரை அமைதியின் அருமை பற்றிச் சொற்பொழிவு. சொற்பொழிவாளர்கள் தண்ணீர் குடிக்கும் இடைவெளியில் செண்டை மேளம்.

அடுத்து ஞாயிறு அமைதிப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அன்றைக்குத் தன் குரலால் அமைதியைக் குலைப்பவருக்குச் சிறை. அமைதியின் சார்பில் பேசுவதால் துறையின் குழாய்களுக்கு மட்டும் விலக்கு. ஜனங்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குழாய் அலறும் அலறலில் எவன் குரல் கேட்கப்போகிறது, எவனைப் பிடிக்கப்போகிறார்கள் என்று சிரித்தார்கள்.

பிறகு நிதானச் சட்டம். ஒருநாள் நிதானத்துக்குத் தகுதி பெற ஆறு நாள் வேகம் வேண்டும் என்று தறிகளின் ஓட்டத்தை இரட்டிப்பாக்கினார்கள். ஞாயிறன்று யாராவது வேகமாக நடந்தால் அடிக்க நிதானப் படை என்று ஒன்று. காய்ச்சலில் வெட்டி இழுத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓடிய ஒருத்தியை அந்தப் படை வழியில் நிறுத்தி, மூச்சை உள்ளே இழு, வெளியே விடு என்று சொல்லிக்கொடுத்தது. அவள் கற்றுக்கொண்டாள். பிள்ளையின் மூச்சுதான் காத்திருக்கவில்லை.

நூல் சுற்றிப் பிழைத்த செல்லக்கிளியின் வீட்டுக்கு ஒரு புதன்கிழமை வாய்ப்பு அதிகாரி பரமகுரு வந்தார். அவள் மகள் நாகவேணி பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். தலைவரின் ஆலை முகாமுக்குப் பெண்பிள்ளைகள் தேவை, மூன்று வருஷம் உள்ளேயே தங்க வேண்டும், வெளியே விட மாட்டார்கள், முடித்து வந்தால் கல்யாணச் சீர் உண்டு என்று காதருகில் கத்தினார்.

மகள் தாயின் கையைப் பிடித்து இழுத்தாள். "இப்பவே முடியாதுன்னு சொல்லும்மா."

"கத்திச் சொன்னா யாரு கண்ணு மதிப்பா? ஞாயித்துக்கிழமை நறுக்குன்னு சொல்றேன்" என்றாள் செல்லக்கிளி. அவள் அம்மா அப்படித்தான் சொல்லியிருப்பாள். அந்த அம்மாவுக்கு அவள் அம்மாவும்.

ஞாயிறன்று அமைதித் துறை மாளிகை வாசலில் பரமகுரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வேண்டாம் என்றாள் செல்லக்கிளி. இலை உதிரும் ஓசையைக் கேட்கத் தெரிந்தவனே மனிதன் என்று தலைக்கு மேலே குழாய் முழங்கிக்கொண்டிருந்தது. அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துச் சிரித்தார். மறுபடியும் சொன்னாள். மறுபடியும் சிரித்தார்.

திங்கட்கிழமை நாகவேணியை ஏற்றிப்போக வேன் வந்து நின்றது. "மறுப்பு எதுவும் வரலியேம்மா" என்றார் பரமகுரு, மிகவும் மரியாதையாக.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு தவறாமல் அவள் அந்த வாசலில் போய் நின்று அதே சொல்லைச் சொன்னாள். முகாமில் மூன்று வருஷம் முடிந்தது, மகளை விடவில்லை. காலம் நீட்டிக்கப்பட்டதற்கும் மறுப்பு வரவில்லையாம். இதற்கிடையில் தலைவரின் பதவிக்காலமும் புதுப்பிக்கப்பட்டது. "ஒரு குரல்கூட எதிராக எழவில்லை. இப்படியொரு ஒற்றுமையை உலகம் கண்டதில்லை" என்று வாகைச்சுடர் தழுதழுத்தார்.

ஒரு ஞாயிறு உச்சி வெயிலில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது. பாதி வாக்கியத்தில் குழாய்கள் நின்றன.

தகரக் கூரையில் காக்கை நகம் கீறுவது கேட்டது. எங்கோ ஒரு குழாயடியில் சொட்டும் தண்ணீர் கேட்டது. வாகைச்சுடர் வேர்த்து விறுவிறுத்து அமைதித் துறை மாளிகையின் மாடி முகப்புக்கு ஓடி வந்தார். இத்தனை வருஷம் சேர்ந்த "வேண்டாம்" எல்லாம் இப்போது ஒன்றாக வரும் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

குறட்டைதான் வந்தது. ஆறு நாள் இரட்டை வேகத்தில் ஓடிய ஜனங்கள், சத்தம் நின்றதும் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டார்கள். அமைச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மோர் கொண்டுவரச் சொன்னார்.

செல்லக்கிளி தூங்கவில்லை. மெதுவாக நடந்து வந்தாள், சட்டம் அப்படி. பரமகுருவின் முன்னால் நின்று, பக்கத்து வீட்டில் தயிர் கேட்கும் குரலில் சொன்னாள்.

"எம் மகள நான் அனுப்பல. அன்னைக்கும் வேண்டாம்னுதான் சொன்னேன். இன்னைக்கும் அதேதான். திருப்பி அனுப்புங்க."

நாலு தெருவுக்குக் கேட்டது. பரமகுருவுக்குக் கேட்டது. அவர் சிரிக்கவில்லை, அண்ணாந்து மாடியைப் பார்த்தார். அமைச்சர் மோரை வைத்துவிட்டு விரலை மட்டும் அசைத்தார்.

ஞாயிறு அமைதியைக் குலைத்த குற்றத்துக்காக அவளைக் கைது செய்தார்கள். அந்தச் சட்டம் வந்த நாளிலிருந்து அதன்கீழ் நடந்த முதல் கைது. அதுவரை குலைக்க அமைதி ஏது? நிதானப் படை அவளை நிதானமாகவே நடத்திக்கொண்டு போனது. ஒரு விதியும் மீறப்படவில்லை.

தெரு விழித்துக்கொண்டு பார்த்தது. தறிக்குப் பாவு நூல் ஓட்டும் முத்துராசுவின் மகளும் அதே முகாமில்தான் இருந்தாள். அவன் எழுந்தான். வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து மின்சாரம் வந்தது. விட்ட இடத்திலிருந்து குழாய் தொடர்ந்தது: ஆகவே பெருமக்களே, அவசரப்படாதீர்கள்.

முத்துராசு திறந்த வாயை வீணாக்காமல் மனைவியின் காதருகே குனிந்து கத்தினான்.

"ஞாயித்துக்கிழமை சொல்லிக்கலாம்."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைதானுங்க" என்றாள் அவள்.

அவனுக்குக் கேட்கவில்லை.