குளிர்ந்த உடம்புக்காரன்

இனி ஒரு சொட்டு மூலிகைக் கசாயம்கூட என் தொண்டையில் இறங்காது. காலையில் கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டே இந்தச் சபதத்தைச் செய்தேன். நாக்கு நுனியில் வெள்ளையாக ஒரு புண். முந்தின நாள் சாப்பிட்ட வறுத்த வாத்தின் வேலை.

என் மனைவி மூய்-யிங் பார்த்தால் தீர்ந்தேன். பரு வந்தால் சூடு என்பாள். தொண்டை கட்டினால் சூடு. நான் எதிர்த்துப் பேசினால் அதுதான் பெரிய சூடு. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, உடம்பைக் குளிர வைக்கும் கசாயம். இருபத்துச் சொச்சம் மூலிகைகளை மண்சட்டியில் போட்டுத் தார் மாதிரிக் காய்ச்சுவாள். அதைக் குடித்தால் சூடு போகிறதோ இல்லையோ, வாழ்க்கையில் இருக்கிற பிடிப்புப் போய்விடும்.

என்னிடம் திட்டம் இருந்தது. தெருமுனையில் மூலிகைத் தேநீர்க் கடை வைத்திருக்கும் தாம் அண்ணன் நாடி பார்ப்பார். எங்கள் ஃபோஷான் ஊர்ப் பெண்களுக்கு அவர் வாக்கே வேதவாக்கு. நேராக அவரிடம் போனேன்.

"அண்ணே, நாளைக்கு வீட்டுக்காரியோட வர்றேன். என் கையைப் பிடிச்சுப் பாத்துட்டு, குளிர்ந்த உடம்பு, கசாயம் ஆகாதுன்னு சொல்லிடுங்க."

"கசாயம் விக்கிறவன்கிட்டயே வந்து இதைக் கேக்குறியே, நியாயமாடா?"

"அடுத்த தடவை மாஜாங் ஆட்டத்துல உங்ககிட்ட தோத்துடறேன்."

"நீ எப்பவும் தோக்குறவன்தானே?"

"இந்தத் தடவை முணுமுணுக்காம தோக்குறேன்!"

அதற்கு மயங்கிவிட்டார்.

மறுநாள் நடிப்பு பிரமாதம். என் மணிக்கட்டைத் தொட்டதுமே கையை உதறிக்கொண்டார். "அடடா, ஐஸ்கட்டி! இந்த உடம்புல சூடே இல்லையேம்மா!"

"சூடு இல்லையா? சுரணை இல்லைன்னுதான் எனக்குத் தெரியும்" என்றாள் மூய்-யிங்.

சொல்லிவிட்டுப் போகட்டும். ஜெயித்தது நான். ராஜா மாதிரி வீட்டுக்கு நடந்தேன்.

சாயங்காலம் என் மச்சான் சுன்-ஹோ வந்தான். கூடை நிறைய உயிர் நண்டு. இலையுதிர் காலத்து நண்டு, உள்ளே மஞ்சள் கரு முட்டிக்கொண்டு நிற்கும். வருஷம் முழுக்க நான் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருப்பது இதற்குத்தான். மூய்-யிங் ஆவியில் வேக வைத்தாள். வாசனை வாசல்வரை வந்தது. நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

என் முன்னால் ஒரு கிண்ணம் வந்தது. வெள்ளைக் கஞ்சி. மேலே இஞ்சித் துண்டு.

"நண்டு எங்கடி?"

"நண்டு குளிர்ச்சியாச்சேங்க. குளிர்ந்த உடம்புக்கு விஷம்."

"சரி, பீராவது குடு."

"அது அதைவிடக் குளிர்ச்சி. உங்களுக்கு வெந்நீர் வெச்சிருக்கேன்."

சுன்-ஹோ ஒரு நண்டுக் காலை உடைத்துச் சுர்ரென்று உறிஞ்சினான். "பாவம் அத்தான் நீங்க!"

ஒரு பக்கம் தன்மானம். ஒரு பக்கம் நண்டு. நண்டு ஜெயித்தது. நாக்கை முழுசாக வெளியே நீட்டினேன்.

"பாரு, புண்ணு! எனக்கு உடம்பெல்லாம் சூடுதான்! தாம் அண்ணனைப் பொய் சொல்லச் சொன்னதே நான்தான்!"

"அப்படின்னா கசாயம் குடிப்பீங்களா?"

"கொண்டா!"

உடனே வந்தது. ஆறவைத்துத் தயாராகவே இருந்தது.

"எப்போடி காய்ச்சினே?"

"கடைக்குப் போறதுக்கு முன்னாடியே. நேத்து முழுக்க டீயை ஊதி ஊதிக் குடிச்சீங்களே, எனக்குக் கண்ணு இல்லையா?"

மூக்கைப் பிடித்துக்கொண்டு மடமடவென்று குடித்தேன். கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினேன். கம்பீரமாக நண்டுத் தட்டை நோக்கிக் கையை நீட்டினேன். மூய்-யிங் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இப்பத்தானே அவ்வளவு குளிர்ச்சியை உள்ளே தள்ளினீங்க? அதுமேல நண்டும் போனா வயிறு என்னத்துக்காகும்?"

அன்று என் கை பட்ட நண்டெல்லாம், குப்பையில் கொட்டக் கொண்டுபோன ஓடுகள்தான்.